அரைப்பேர்க்காரி

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு அட்டைக்காசு உண்டு. கம்பனியின் தாள்களில் அதன் பெயர் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு. குளிர், வழுக்கல், காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டை, பகலிலேயே இறங்கிவிடும் பனிமூட்டம், நல்ல சாப்பாட்டுக் கடை இல்லாமை எல்லாம் அதில் அடக்கம். கல்லாத்துத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது கிடையாது. அங்கே பிறந்தவர்களுக்கு அட்டை கஷ்டம் அல்ல, உறவு.

தயானி அங்கே பிறந்தவள். அட்டைக்காசைப் பற்றி அவளுக்குத் தெரியும். கொழும்புக்காரர்களின் கால் மென்மையானது, கடித்தால் வலிக்கும், வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தாள். அடிப்படைச் சம்பளமே வேறு என்பது அவளுக்குத் தெரியாது. அதைச் சொன்னவன் ஷப்ராஸ். சொன்னான் என்பதைவிட, அழுதான் என்பது சரி.

புயலுக்குப் பிறகு கொஸ்லந்தைக்கு மேலே உள்ள சரிவுகள் எல்லாவற்றையும் மண் சரியுமா என்று துளைத்துப் பார்க்கும் வேலை கம்பனிக்குக் கிடைத்திருந்தது. கல்லாத்தில் இரண்டு சரிவு, இரண்டு மெஷின், இரண்டு டெக்னீஷியன். ஒரு சரிவில் தயானி, மற்றதில் ஷப்ராஸ். மெஷின் மலையைக் குடைந்து உள்ளே இருப்பதை உருளை உருளையாக வெளியே எடுக்கும். டெக்னீஷியன் பக்கத்தில் உட்கார்ந்து அதை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, நிறம், எந்த அளவு உக்கிப்போயிருக்கிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை எழுத வேண்டும். வெளியே வந்த கையோடு எழுத வேண்டும். களிமண் காய்ந்தால் நிறம் மாறும், பொய் சொல்லும். அதனால் ஒரு விதி இருந்தது. டெக்னீஷியன் இல்லாவிட்டால் மெஷின் ஓடக் கூடாது.

இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே பெட்ச். ஷப்ராஸ் கொழும்பு, தெஹிவளைக்காரன். தேநீர் நேரத்தில் தன் சரிவிலிருந்து இறங்கி அவளுடைய தார்ப்பாய்க்குக் கீழே வந்து உட்காருவான். அன்று காலுறையைக் கழற்றி அட்டைகளுக்கு உப்புத் தூவிக்கொண்டே சொன்னான்.

"இந்தச் சம்பளத்துக்கு மனுசன் வேல செய்றதா, தயானி? நீயே செல்லு."

தொகையையும் சொன்னான். குறைந்துபோயிற்றே என்ற கவலையோடு சொன்னான்.

தயானி பிளேன்டீயை ஒரு மடக்குக் குடித்தாள். "அட்டைக்காசோடயா?"

"சீ, அது வேற. ஒனக்கு எவ்வளவு?"

"அதுல பாதி."

அவன் சிரித்தான். பிறகு நிறுத்தினான். "பகிடியா?"

"பகிடிதான். ஆனா நான் பண்ணுன பகிடி இல்ல."

ஷப்ராஸ் நல்லவன். நல்லவர்கள் செய்வதைச் செய்தான். தலையை ஆட்டி, "இது மிச்சம் பிழை" என்றான். பிறகு காலுறையை மாட்டிக்கொண்டு தன் சரிவுக்குப் போனான்.

சனிக்கிழமை தயானி பண்டாரவளைக்குப் போனாள். கம்பனியின் ஊவாக் கிளை அங்கே ஒரு டயர்க் கடைக்கு மேலே இருந்தது. கிளையின் பொறுப்பாளர் நௌபர், பதுளை பஸார்க்காரர். அவருடைய வாப்பாவின் கடையில் பாதித் தோட்டம் கடனுக்குச் சாமான் வாங்கியது. நௌபர் பதினைந்து வருடம் கட்டாரில் எண்ணெய்க் கிணறுகளில் நின்றவர். அங்கே போட்ட தலைக்கவசம் மேசைக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது, கிண்ணம் ஜெயித்து வந்தவர் வைப்பதுபோல.

"வலயம், மகள்" என்றார். "மொதலாம் வலயம் கொழும்பு. ரெண்டு கண்டி, காலி. மூணு நாங்க. மொனராகலையப் பாரு, நாலு. அவங்களோட பாத்தா நாங்க பாதுஷா."

"ஒரே வேலதானே சேர்."

"வேல ஒண்டு. வாழ்க்கச் செலவு வேற. இங்க சாமான் வெல கொறவு."

"என்ன சாமான்?"

நௌபர் யோசித்தார். "மரக்கறி."

"வெலிமடைல புடுங்குன கரட்டு தம்புள்ளைக்குப் போயிட்டுத்தான் சேர் நம்ம கடைக்குத் திரும்பி வருது. கேஸ் சிலிண்டரு கொழும்புல இருந்து மலையேறி வருது. லொறிக் கூலிய யாரு குடுக்கிறா?"

"ஒங்களுக்கு வீட்டு வாடகை இல்லத்தானே? தோட்டம் தந்த லயம்."

"காம்பராவுக்கு வாடகை இல்ல. கூரைலயும் பாதி இல்ல."

நௌபர் நாற்காலியில் சாய்ந்தார். கட்டார் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. வந்தது.

"எனக்குப் பக்கத்துல ஒரு ஸ்கொட்லாந்துக்காரன். அதே ரிக், அதே ஷிப்ட், அதே சேத்தத்தான் ரெண்டு பேரும் கையில எடுத்துப் பாப்போம். அவனுக்கு என்னைப் போல நாலு மடங்கு. பாஸ்போட்டுக்குத்தான் மகள் சம்பளம். நான் ஒரு நாளாவது வாய் தொறந்தேனா?"

"ஏன் சேர் தொறக்கல?"

அவர் அலமாரிப் பக்கம் திரும்பித் தலைக்கவசத்தைக் கொஞ்சம் நேராக்கி வைத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது தயானி அதையே நினைத்தாள். கட்டாரிலிருந்து சிலர் தங்கம் கொண்டுவந்தார்கள், சிலர் டீவி கொண்டுவந்தார்கள். நௌபர் அவமானத்தைப் பத்திரமாகப் பொதி கட்டிக் கொண்டுவந்து இங்கே பங்கிடுகிறார். சுங்கத்தில் ஒருவனும் பிடிக்கவில்லை.

அவளோடு படித்த மலைநாட்டுப் பெண்களில் ஒருத்தியும் ஊரில் இல்லை. ஒருத்தி குவைத்தில் பிள்ளை பார்க்கிறாள். ஒருத்தி கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். கல்லையும் மண்ணையும் படித்துவிட்டு, அந்தக் கல்லிலும் மண்ணிலும் நின்று முழுச் சம்பளம் வாங்க வேண்டும் என்பதுதான் தயானியின் ஆசை. பெரிய ஆசை என்று அவளுக்கு அதுவரை தோன்றவில்லை.

அம்மா ராசம்மா கொழுந்து எடுக்கிறவள். அன்று பொழுது சாய ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தயானி சொன்னதைக் கேட்டுவிட்டுத் தட்டுவதை நிறுத்தவில்லை.

"கொழும்புப் பொடியன் ரெண்டு மலையா தோண்டுறான்?"

"ஒரு மலைதான்."

"அப்ப ஒனக்கு அரைப்பேரு போட்டுருக்கான்."

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்று சொல்வார்கள். கொழுந்தின் நிறை சரியாக இருந்தால் முழுப்பேர். நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார். அதில் ஒரு வழக்கம் இருக்கிறது. இன்று அரைப்பேர்தான் என்று தெரிந்துவிட்டால் நடுப்பகலில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பாதிக்குப் பாதி. அதற்குமேல் மலையில் நிற்கிறவளைத் துரையும் மதிக்கமாட்டார், பக்கத்து நிரைக்காரியும் மதிக்கமாட்டாள்.

"படிக்காத கழுத நான்" என்றாள் ராசம்மா. "அரைப்பேருக்கு ஒரு நாளாவது அந்தி வரைக்கும் நின்னுருப்பேனா? நீ என்னடான்னா மாசக்கணக்கா நின்னுருக்க. ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறேன், என் மக மெஷின்காரின்னு."

திங்கட்கிழமை நடுப்பகலில், தோட்டத்தின் தேயிலை ஆலையான ஸ்டோரில் சங்கு ஊதியது. தயானி எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தாள். மரப்பெட்டியை மூடினாள். பேனையைச் சட்டைப்பையில் செருகினாள்.

மெஷின் ஓட்டும் சோமபால பக்கத்துக் கிராமத்தவன். தோட்டத்து ஸ்டோரில் முன்பு வேலை செய்தவன். "ஏன் மிஸ், சொகமில்லையா?"

"சொகமாத்தான் இருக்கேன். எனக்கு அரைப்பேரு. நிப்பாட்டுங்க."

சோமபாலவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுத் தார்ப்பாய்க்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்தான். அவனுக்கு அது நாட்கூலி. மெஷின் தூங்கினாலும் கூலி உண்டு.

நௌபரின் அழைப்பு அவள் வீட்டுப் படியேறும்போது வந்தது.

"மகள், மெஷின் நிக்குதாம்?"

"ஆமா சேர். அரைநாள் செஞ்சிட்டேன். என் சம்பளம் அவ்வளவுதானே."

நௌபர் போனை வைத்துவிட்டார். வாப்பாவின் கடையில் வளர்ந்தவருக்கு அந்த வழக்கம் தெரியும். தெரியாதவராக இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை நௌபர் மலைக்கே வந்தார். கொழும்புத் தலைமையகத்தில் ஆள்நிர்வாகம் பார்க்கும் றுமைஸாவைத் தன் போனில் வீடியோவில் பிடித்துத் தயானியின் முகத்துக்கு முன்னால் நீட்டினார். றுமைஸாவுக்குப் பின்னால் ஒரு செடி இருந்தது. பிளாஸ்டிக்.

"தயானி, ஒங்கட பிரச்சின என்ன? அரைப்பேர் எண்டா அது சுகயீன லீவா?"

"இல்ல மிஸ்."

"அப்ப சொந்தத் தேவை லீவா?"

"லீவே இல்ல மிஸ். கம்பனி குடுத்த அளவுக்கு வேல."

"எங்கட சிஸ்டத்துல அப்பிடி ஒண்டு இல்லையே."

"அரைச் சம்பளம் மட்டும் இருக்கா?"

றுமைஸா கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். கோபமா, சிக்னலா என்று தெரியவில்லை. பிறகு உதடு அசைந்தது. "நாங்க வேற ஆள் போடுவோம்."

போட்டார்கள், விளம்பரம். இரண்டு பேர் கேட்டார்கள். மூன்றாம் வலயச் சம்பளத்தைக் கேட்டதும் ஒருவன், அது கிழமைச் சம்பளமா, மாசச் சம்பளமா என்றான். மற்றவன் அதன் பிறகு போன் எடுக்கவில்லை.

அதற்குள் வானம் இருண்டுவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் துளைகளை முடித்து, மண் நகர்ந்தால் சொல்லும் கருவிகளை உள்ளே இறக்க வேண்டும். நௌபர் கடைசியாக வைத்திருந்ததை எடுத்தார்.

"மகள், இந்தச் சரிவுக்குக் கீழ யாருட லயம்?"

"எங்க லயம் சேர்."

"மீரியபெத்த எவ்வளவு தூரம்? ஒனக்கு மறந்து போச்சா?"

தயானி அவரைப் பார்த்தாள். அங்கே மலை சரிந்து மண்ணுக்குள் போனவர்களில் அவளுடைய பெரியம்மாவும் இருந்தாள். நௌபருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் சொல்லியிருப்பார்.

உள்ளூர்க்காரி என்பதால் பாதிச் சம்பளம். உள்ளூர்க்காரி என்பதால் முழு மனதோடு வேலை. கம்பனியின் கணக்கில் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. கீழே லயம் இருப்பவள் எப்படியும் தோண்டுவாள், அவளுக்கு எதற்குக் காசு என்பதுதான் அந்த வலய அட்டவணையின் அடியில் எழுதாமல் விட்ட வரி.

"சேர், மண்ணுக்குப் பயந்தவங்கதான் தோண்டணும், பயந்ததுக்காகக் கொறச்சு வாங்கணும்னா, கொழும்புல உள்ளவங்க எதுக்குப் பயந்து அவ்வளவு வாங்குறாங்க?"

நௌபர் குடையை விரித்துக்கொண்டு வேனுக்கு இறங்கினார்.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பகலுக்குப் பிறகு காம்பரா வாசலில் உட்கார்ந்து, நின்றுபோன தன் மெஷினை மேலே பார்த்தபடி இருப்பாள். மழை தூறினால் எழுந்து நிற்பாள். ஒரு நாள் செருப்பைக்கூட மாட்டிவிட்டாள்.

"எங்க?" என்றாள் ராசம்மா.

"சும்மா."

"சும்மா போறவ சும்மாதான் போகணும், பேனைய வச்சிட்டுப் போ."

தயானி செருப்பைக் கழற்றினாள்.

கொழும்பு ஒரு வழி கண்டுபிடித்தது. ஷப்ராஸ் பகல்வரை தன் சரிவு, அதன்பிறகு அவளுடைய சரிவு. அதற்கு மேலதிகக் கொடுப்பனவு. அவன் அவளுடைய சரிவுக்கு ஏறும்போது அவனுடைய மெஷின் நிற்கும். ஆக முன்பு அவளுடைய மெஷின் அரைநாள் நின்றது, இப்போது அவனுடையது நின்றது, இரண்டு மெஷினுக்கும் முழு வாடகை போனது. தயானிக்குக் கொடுக்க மறுத்ததைவிட அதிகமாகச் செலவானது. ஆனால் அட்டவணை கெடவில்லை. அட்டவணை கெடாமல் இருக்க எவ்வளவு செலவானாலும் தகும் என்று தலைமையகம் நினைத்தது.

ஷப்ராஸ் நாலாம் நாள் காம்பரா வாசலில் வந்து நின்றான். முழங்கால்வரை சேறு.

"ஒன்ட அரைப்பேர எனக்குப் போட்டுட்டாங்க தயானி."

"நல்லா இருக்கா?"

"காலு ரெண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஈக்குது. நான் ஏலாதுண்டு செல்லப் போறேன்."

"சொல்லேன்."

"செல்லட்டா?"

"என்னைக் கேட்டா? அன்னைக்கு மிச்சம் பிழைன்னியே, அத இப்ப அங்க சொல்லு."

அவன் தலையைக் குனிந்தான். ஆனால் அன்றே சொன்னான். கொள்கையால் அல்ல, முழங்காலால். கொள்கை ஏறாத இடத்துக்கும் முழங்கால் வலி ஏறும்.

அடுத்த நாள் நௌபர் வந்தார். வேனிலிருந்து இறங்கும்போதே முகம் மலர்ந்திருந்தது. மலையில் எண்ணெய் கண்டவர் போல இருந்தார்.

"மகள், எல்லாம் சரி. வலய அட்டவணைய மாத்த ஏலாது. அது போர்ட்ல பாஸ் பண்ணினது. ஆனா அந்த அட்டவணையில என்ன ஈக்கி? பதவிக்கு இவ்வளவு எண்டுதான் ஈக்கி. எத்தின மணித்தியாலம் எண்டு இல்ல. அதால ஒன்ன அரைநாள் டெக்னீஷியனா மாத்தியாச்சு. சம்பளம் அதேதான்."

"சரி. நான் இப்ப செய்றதும் அதுதானே."

"பொறு. பகலுக்குப் பொறகு வேல செய்ய இன்னொரு அரைநாள் டெக்னீஷியன் எடுக்க அனுமதி வந்தீக்கி. அதுக்கும் மூணாம் வலயச் சம்பளம்."

"அது யாரு சேர்?"

நௌபர் மலையைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். சோமபாலவைப் பார்த்தார்.

தயானிக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. "நானா?"

"விருப்பமெண்டா விண்ணப்பிக்கலாம்" என்றார் நௌபர், அந்நியரிடம் பேசுவதுபோல. "தகுதி ஈக்குது."

"அப்ப கொழும்புச் சம்பளம்."

"கொழும்புச் சம்பளமெண்டு வெளிய செல்லிப்போடாத மகள். ரெண்டு மூணாம் வலயச் சம்பளம்."

நிபந்தனைகளும் இருந்தன. காப்புறுதிக்காக, பகல் சங்கோடு காலை டெக்னீஷியன் கையெழுத்துப் போட்டுத் தளத்தைவிட்டு வெளியேற வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற டெக்னீஷியன் உள்ளே வரலாம். இரண்டு அடையாள அட்டை. ஒரே படம்.

"அட்டைக்காசு?"

"அது வெளி ஆக்களுக்கு மகள்."

"பகலுக்குப் பொறகு வர்றவ வெளியில இருந்துதானே சேர் வாறா?"

நௌபர் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று அந்தியில் ராசம்மா எல்லாவற்றையும் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள், நம்ப முடியாமல். "ரெண்டு அரைப்பேரு ஒரு முழுப்பேருதானே. வாங்கிக்க. ஆனா ஒண்ணு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறவ இந்த ஒலகத்துலயே நீ ஒருத்திதான்டி."

தயானி வாங்கிக்கொண்டாள். முழுப்பேரை முழுப்பேராகக் கொடுக்க அவர்கள் வெட்கப்பட்டார்கள், துண்டாக்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு உரிய வெட்கம் வரும்வரை காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும். வெட்கம் மெதுவாக வருவது, அதுவும் கொழும்பிலிருந்து வர வேண்டும்.

திங்கட்கிழமை பகல் சங்கு ஊதியது. தயானி பாதி எழுதிய வரியை அப்படியே விட்டாள். கையெழுத்துப் போட்டாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். தார்ப்பாயைத் தாண்டி, தேயிலை நிரைக்குள் இறங்கி, ரோட்டோரச் சவுக்கு மரத்தைச் சுற்றினாள். காற்சட்டையில் ஏறிய ஓர் அட்டையை விரலால் சுண்டினாள். மற்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்ப ஏறினாள்.

ஷப்ராஸ் தன் சரிவிலிருந்து கையைக் குவித்துக் கத்தினான். "தயானீ, எனக்கும் ரெண்டு பேரா மாற ஏலுமா?"

"ஒனக்கு ஒரு பேரே ஜாஸ்தி!"

சோமபால எழுந்து நின்று, புதிதாக வந்தவளுக்குச் செய்வதுபோலத் தலை வணங்கினான். முகத்தில் சிரிப்பே இல்லை. "வாங்க மிஸ். மொத நாளா?"

"ஆமா."

"காலைல இருந்த மிஸ் எழுதினது சரியா இருக்கா?"

தயானி உட்கார்ந்து தாளைப் பார்த்தாள். கபிலக் களிமண், ஈரம் என்பதோடு நின்றிருந்தது. மீதியை எழுதினாள்.

"சரியாத்தான் எழுதிருக்கா" என்றாள். "பாவம், அரைப்பேர்க்காரி. மெஷினப் போடுங்க."